சிபாப், சர்ஃபாக்டன்ட், வென்டிலேட்டர்: குறைமாதக் குழந்தைக்கு எது, எப்போது, ஏன்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தங்கைக்கு 29 வாரத்தில் குழந்தை பிறந்திருக்கிறது, எடை 1.1 கிலோ. பிறந்தவுடன் மூக்கில் சின்னக் குழாய் பொருத்தி, இடைவிடாமல் மெல்லிய காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் வைத்தார்கள். மூன்று மணி நேரம் கழித்து நுரையீரலுக்குள் சர்ஃபாக்டன்ட் என்ற மருந்தை விட்டார்கள். மறுநாள் இரவு வென்டிலேட்டருக்கு மாற்றிவிட்டார்கள். மருந்தை முதலிலேயே கொடுத்திருந்தால் வென்டிலேட்டர் வரை போயிருக்காதே, அந்த மெஷின் நுரையீரலைக் கெடுத்துவிடாதா என்று கேட்கிறீர்கள்.

பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் என் வேலை. இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பமே கிடையாது. முதலில் சிபாப், தேவை என்று தெரிந்ததும் மருந்து, அதுவும் போதாவிட்டால் வென்டிலேட்டர் என்ற இந்த வரிசையைத்தான் இன்று நாங்கள் விரும்பியே பின்பற்றுகிறோம். மருந்து தாமதமானதா என்பதை மூன்று மணி நேரம் என்ற கணக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மருந்து கொடுப்பதற்கு முன் குழந்தைக்கு ஆக்சிஜன் எத்தனை சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் அதைச் சொல்லும். ஏன் என்று விளக்குகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நுரையீரல் என்பது லட்சக்கணக்கான நுண்ணிய காற்றுப்பைகளின் தொகுப்பு. ஒவ்வொரு பையின் உட்புறத்திலும் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. தண்ணீருக்குத் தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளும் குணம் உண்டு, இலையில் விழுந்த துளி உருண்டு திரள்வது அதனால்தான். அதே இழுப்பு காற்றுப்பைக்குள் நடந்தால், மூச்சை வெளியே விடும்போதெல்லாம் பை சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பை எவ்வளவு சின்னதோ அவ்வளவு வேகமாக ஒட்டும். இதைத் தடுக்க நுரையீரலே ஒரு பொருளைச் சுரக்கிறது. பெரும்பகுதி கொழுப்பு, சுமார் பத்தில் ஒரு பங்கு புரதம். அதுதான் சர்ஃபாக்டன்ட். நீர்ப்படலத்தின் மேல் பரவி அதன் இழுவிசையைத் தளர்த்திவிடும், பை பாதி விரிந்தபடியே நிற்கும்.

கருவில் சுமார் 24 வாரத்தில் இந்தச் சுரப்பு தொடங்குகிறது. போதுமான அளவுக்கு வர 34, 35 வாரம் ஆகிவிடும். 29 வாரத்தில் பிறந்த குழந்தையிடம் கொஞ்சம் இருக்கும், ஆனால் பற்றாது. புது பலூனை முதல் தடவை ஊதும்போது கன்னம் வலிக்குமே, அடுத்த தடவை சுலபமாக இருக்கும். இந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் அந்த முதல் தடவைதான். நிமிடத்துக்கு அறுபது தடவைக்கு மேல் அதைச் செய்ய வேண்டும். அதனால்தான் விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே குழிகிறது, மூக்கு விடைக்கிறது, ஒவ்வொரு மூச்சு முடிவிலும் மெல்லிய முனகல் கேட்கிறது.

அந்த முனகலைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தை வலியில் அழுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது அழுகை இல்லை. மூச்சை வெளியே விடும்போது தொண்டையைப் பாதி மூடி, கொஞ்சம் காற்றை உள்ளேயே பிடித்து வைக்கப் பார்க்கிறது. பைகள் ஒட்டாமல் இருக்கக் குழந்தை தானே கண்டுபிடித்த வழி அது. சிபாப் செய்வதும் அதேதான். மூக்கு வழியாக இடைவிடாத மெல்லிய அழுத்தத்தைக் கொடுத்து, மூச்சு வெளியே போன பிறகும் பைகளைத் திறந்தபடி வைத்திருக்கும். பபிள் சிபாப் என்றால் பக்கத்தில் ஒரு தண்ணீர் ஜாடி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிக்குழாயின் நுனி தண்ணீருக்குள் எத்தனை சென்டிமீட்டர் மூழ்கியிருக்கிறதோ அதுதான் அழுத்தம். பெரும்பாலும் 5 அல்லது 6 சென்டிமீட்டர். குமிழி வந்துகொண்டே இருந்தால் அழுத்தம் போய்ச் சேர்கிறது என்று அர்த்தம். குமிழி நின்றால் குழந்தையின் வாய் திறந்திருக்கலாம், மூக்கில் குழாய் விலகியிருக்கலாம். எங்கள் செவிலியர்கள் மானிட்டரைப் பார்ப்பதற்கு முன்பே அந்தச் சத்தம் நின்றதைக் கேட்டு எழுந்து வந்துவிடுவார்கள்.

இதெல்லாம் தெரியவருவதற்கு வெகுகாலம் ஆனது. குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்குக் காரணம் சர்ஃபாக்டன்ட் குறைவு என்று மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இல் காட்டினார்கள். காரணம் தெரிந்தது, மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை 2.1 கிலோ. அன்று கிடைத்த மிகச் சிறந்த மருத்துவமனை, உயர் அழுத்த ஆக்சிஜன் அறை என்று எல்லாம் முயன்றும் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். இன்று அந்த வாரத்தில், அந்த எடையில் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் சில நாள் சிபாப்பிலேயே தேறி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

சிபாப்பை கிரிகரி என்ற மயக்கவியல் மருத்துவர் 1971இல் இந்தக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தார். சர்ஃபாக்டன்டின் முக்கியக் கொழுப்பை மட்டும் தனியாகப் புகையாக்கிக் கொடுக்க அறுபதுகளில் நடந்த முயற்சிகள் பலன் தரவில்லை. கூடவே இருக்கும் புரதங்கள் இல்லாவிட்டால் அந்தக் கொழுப்பு வேகமாகப் பரவாது என்பது பிறகுதான் புரிந்தது. 1980இல் ஜப்பானின் ஃபுஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து தயாரித்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாய் வழியே நேராக உள்ளே செலுத்தினார். ஆக்சிஜன் தேவை கண்முன்னே இறங்கியது. இன்று நாங்கள் பயன்படுத்துவதிலும் பெரும்பாலானவை மாடு அல்லது பன்றியின் நுரையீரலிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தவைதான். இதைக் குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது என் வழக்கம். பிறகு எங்கேயோ கேள்விப்பட்டு மனம் நோவதைவிட அது நல்லது. மறுத்தவர்கள் மிகக் குறைவு.

சரி, மருந்து இருக்கிறதே, பிறந்தவுடன் எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும் கொடுத்துவிட வேண்டியதுதானே? ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தோம். மருந்து உள்ளே போக வேண்டுமானால் மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போட வேண்டும், போட்டபின் சில நேரமாவது வென்டிலேட்டர் ஓட வேண்டும். பிரசவத்துக்கு முன், குழந்தையின் நுரையீரலை முதிரவைக்கத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசியும், பிறந்தவுடன் சிபாப்பும் வழக்கமான பிறகு ஆய்வுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் கணக்கு மாறியிருந்தது. எல்லோருக்கும் ட்யூப் போட்டு மருந்து கொடுத்ததைவிட, சிபாப்பில் வைத்துப் பார்த்துத் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுத்ததில் நாள்பட்ட நுரையீரல் நோயும் மரணமும் சேர்த்துப் பார்க்கையில் குறைவு. 2008இல் வெளியான ஓர் ஆய்வில் 25 முதல் 28 வாரத்தில் பிறந்த 610 குழந்தைகளைச் சேர்த்தார்கள். சிபாப்பில் தொடங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் ஐந்து நாட்களில் ட்யூப் தேவையே படவில்லை. உங்கள் தங்கையின் குழந்தையைவிடச் சின்னக் குழந்தைகள் இவர்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: சிபாப் பக்கம் நுரையீரலில் காற்றுக் கசிவு 9 சதவீதம், ட்யூப் பக்கம் 3 சதவீதம். அதாவது, சிபாப்பிலேயே வைத்துக்கொண்டு மருந்து கொடுக்காமல் இழுத்தடிப்பதற்கும் விலை உண்டு.

இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதுதான் எங்கள் வேலையே. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். சிபாப் அழுத்தம் 6 இருந்தும், குழந்தையின் ரத்த ஆக்சிஜனைத் தக்கவைக்க 30 சதவீதத்துக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது, குழந்தையின் சிரமமும் கூடிக்கொண்டே போகிறது என்றால் மருந்துக்கு நேரம் வந்துவிட்டது. ஐரோப்பிய மருத்துவர்களின் வழிகாட்டுதல் இந்த 30ஐத்தான் சொல்கிறது. நானும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறேன். 50, 60 வரை ஏறட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்குள் நுரையீரல் பாதி மூடியிருக்கும், கொடுக்கும் மருந்தும் சமமாகப் பரவாது. ஆகவே தங்கையின் குழந்தைக்கு மூன்றாவது மணி நேரத்தில்தான் ஆக்சிஜன் 30ஐத் தாண்டியிருந்தால் மருந்து சரியான நேரத்தில் போயிருக்கிறது. பிறந்த அரை மணியிலேயே 45, 50 என்று ஓடியிருந்தால் இன்னும் முன்னால் கொடுத்திருக்கலாம். மருத்துவரிடம் இதைக் கேட்பதில் தவறே இல்லை. குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கேட்டால் சார்ட்டைத் திறந்து காட்டிவிடுவார்கள்.

மருந்து கொடுப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், கொஞ்சம் சொல்கிறேன். குப்பி குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் இருக்கும். எடுத்து உள்ளங்கையில் வைத்துச் சூடு காட்டுவோம். குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். மெதுவாகத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி வைப்போம். உள்ளே பால் மாதிரி வெள்ளைத் திரவம். பன்றியிலிருந்து வரும் வகை என்றால் கிலோவுக்கு 200 மில்லிகிராம், அதாவது 1.1 கிலோ குழந்தைக்கு மூன்று மில்லிக்கும் குறைவு. மாட்டிலிருந்து வரும் ஒரு வகையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம், ஆனால் நீர்த்தது என்பதால் நான்கு மில்லிக்குக் கொஞ்சம் மேலே வரும். முன்பெல்லாம் ட்யூப் போட்டு, மருந்து விட்டு, கொஞ்ச நேரம் காற்றடித்து, உடனே ட்யூபை எடுப்போம். இப்போது முடிந்தவரை அந்த ட்யூபும் இல்லாமல் செய்யப் பார்க்கிறோம். சிபாப் மூக்கில் ஓடிக்கொண்டே இருக்க, குழந்தை தானாக மூச்சுவிட, நூடுல்ஸ் அளவு மெல்லிய குழாயைக் குரல்நாண்களுக்கு நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் மட்டும் நுழைத்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக மருந்தை விடுவோம். ஒரு செவிலியர் இரண்டு கையாலும் குழந்தையின் தலையையும் தோளையும் அணைத்துப் பிடித்திருப்பார். நடுவில் இதயத்துடிப்பு இறங்கும், ரத்த ஆக்சிஜன் அளவு 75க்குப் போகும், நிறுத்துவோம், ஏறியதும் தொடர்வோம். அப்புறம் எல்லோர் கண்ணும் மானிட்டரில். 88, 91, 95. ஆக்சிஜன் குமிழைத் திருப்பி 40இலிருந்து 35, 30, 25 என்று இறக்கிக்கொண்டே வருவோம். பல தடவை பார்த்துவிட்டேன், இன்னும் பழகவில்லை.

அந்த இறக்குவதைப் பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்து பரவியதும் நுரையீரல் நிமிடங்களில் இளகிவிடும். சற்று முன்புவரை இறுகிய நுரையீரலுக்குத் தேவைப்பட்ட அழுத்தம், இளகிய நுரையீரலுக்கு அதிகம். பயிற்சிக் காலத்தில் வென்டிலேட்டரில் இருந்த ஒரு குழந்தைக்கு மருந்து கொடுத்துவிட்டு, அளவு நன்றாக ஏறியதைப் பார்த்த நிம்மதியில் அடுத்த குழந்தையிடம் போய்விட்டேன். அழுத்தத்தைக் குறைக்கவில்லை. அரை மணி கழித்து அலாரம் அடித்தது. நெஞ்சின் ஒரு பக்கம் புடைத்திருந்தது. நுரையீரல் கிழிந்து காற்று வெளியே கசிந்துவிட்டது. நெஞ்சில் குழாய் போட்டுக் காற்றை எடுத்தோம், குழந்தை பிழைத்தது. அதற்குப் பிறகு மருந்து கொடுத்த குழந்தையின் பக்கத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு நான் நகர்வதில்லை.

இப்போது வென்டிலேட்டர். மருந்து கொடுத்தும் மறுநாள் அது தேவைப்பட்டது என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 29 வாரக் குழந்தைக்கு நுரையீரல் மட்டுமல்ல, மூச்சுவிடச் சொல்லும் மூளைப் பகுதியும் முதிரவில்லை. இருபது விநாடி மூச்சே விடாமல் இருந்துவிடும். லேசாகக் காலைச் சுண்டினால் விடும், மறுபடி நிறுத்தும். அதற்குத்தான் கஃபீன் கொடுக்கிறோம். அதையும் மீறி அடிக்கடி நின்றால் வென்டிலேட்டர் வைக்க வேண்டியிருக்கும். கிருமித்தொற்று, காற்றுக் கசிவு, இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய்களுக்கு நடுவில் பிறந்த பிறகு மூட வேண்டிய இணைப்பு மூடாமல் இருப்பது ஆகியவையும் காரணமாகலாம். சில குழந்தைகளுக்கு முதல் மருந்தின் பலன் குறைந்து, 6 முதல் 12 மணி நேரத்துக்குப் பிறகு இரண்டாவது தவணை தேவைப்படும். எந்தக் காரணம் என்பதைக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பாதை வேறு.

வென்டிலேட்டர் நுரையீரலைக் கெடுக்குமா? கெடுக்கக்கூடியதுதான், அதை மறைத்து எதற்கு? அதிகமாக விரித்தால் கிழியும், ஒவ்வொரு தடவையும் முழுக்க மூடவிட்டுத் திறந்தால் உரசிப் புண்ணாகும், ஆக்சிஜன் கூடினால் திசுக்கள் வேகும். ஆனால் சோர்ந்துபோய் மூச்சை நிறுத்தும் குழந்தையை வென்டிலேட்டர் இல்லாமல் விடுவது இதைவிடப் பெரிய சேதம். எனவே எவ்வளவு மென்மையாக வைக்கிறோம், எத்தனை நாளில் எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 4 முதல் 6 மில்லி காற்று போதும். தங்கையின் குழந்தைக்கு அது ஒரு டீஸ்பூன் அளவு. ஒரு டீஸ்பூன் காற்று! பழைய மெஷின்களில் அழுத்தத்தை மட்டும் குறித்து வைப்போம். நுரையீரல் இளகும்போது அதே அழுத்தத்தில் இரண்டு டீஸ்பூன் போய்விடும். இப்போதைய மெஷின்களில் காற்றின் அளவையே குறித்து வைக்கலாம், தேவைக்கு ஏற்ப அழுத்தத்தை மெஷினே குறைத்துக்கொள்ளும். இந்த முறையில் காற்றுக் கசிவும் நாள்பட்ட நுரையீரல் நோயும் குறைகின்றன. இருக்கிற மெஷினில் அந்த வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தாமல் விடுவதற்குக் காரணமே இல்லை என்பது என் கருத்து.

ரத்த ஆக்சிஜன் அளவு 90 முதல் 94 வரை இருந்தால் எங்களுக்குத் திருப்தி. 99 காட்டினால் பார்ப்பவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும், நாங்கள் ஓடிவந்து ஆக்சிஜனைக் குறைப்போம். குறைமாதக் குழந்தையின் விழித்திரைக்கு அதிக ஆக்சிஜன் ஆகாது. 90க்குக் கீழேயே வைத்துப் பார்த்த ஆய்வுகளில் மரணம் கூடியது, ஆகவே அங்கேயும் விட முடியாது. கரியமில வாயுவும் அப்படித்தான். மெஷின் அதை வேகமாகக் கழுவி மிகவும் இறக்கிவிட்டால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பொறுத்துக்கொள்வோம்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த பிரசவத்துக்கு உதவும். இந்தக் கதை முழுவதிலும் மிக எளிய மருந்து தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசிதான். நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஆடுகளில் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, பிழைத்திருக்கவே கூடாத அளவு முன்னதாகப் பிறந்த குட்டி ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்தார். அதற்கு ஸ்டீராய்டு போயிருந்தது. 1972இல் அவரும் ஹோவியும் அதைத் தாய்மார்களில் நிரூபித்தார்கள். பீட்டாமெத்தசோன் 12 மில்லிகிராம் ஒரு நாள் இடைவெளியில் இரண்டு ஊசி, அல்லது டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம் 12 மணிக்கு ஒன்றாக நான்கு ஊசி. 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் என்ற நிலை வந்தால், ஊசி போட்டாயிற்றா என்று குடும்பத்தில் யாராவது ஒருவர் வாய்திறந்து கேட்க வேண்டும். தங்கைக்குப் போட்டிருந்தார்களா, எத்தனை டோஸ் போனது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மூச்சுத்திணறும் எல்லாப் பச்சிளங்குழந்தைக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்து தேவைப்படுவதில்லை. நிறைமாதத்தில் சிசேரியனில் பிறந்த குழந்தைக்கு நுரையீரலில் நீர் வடியத் தாமதமாகி மூச்சு வேகமாக இருக்கலாம். இரண்டு மூன்று நாளில் தானாகச் சரியாகிவிடும். நிமோனியா, இதயக் கோளாறு என்று காரணங்கள் வேறாகவும் இருக்கும். இன்னொரு குழந்தைக்குக் கொடுத்தார்களே, எங்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று ஒப்பிடாதீர்கள்.

இனி தங்கை செய்ய வேண்டியவை. பால் கறந்து கொடுக்கச் சொல்லுங்கள், முதல் நாளின் சில சொட்டாக இருந்தாலும் சரி. குழந்தை வென்டிலேட்டரில் இருந்தாலும் குழாய் வழியாக அது போகும், குடலைக் காப்பாற்றும். கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, தலையையும் பாதத்தையும் இரண்டு கையால் அணைத்தபடி அசையாமல் வைத்திருக்கட்டும். தடவிக்கொடுப்பது இந்த வயதில் அதற்குத் தொந்தரவு. மார்போடு அணைத்து வைக்க எப்போது விடுவீர்கள் என்று தினமும் கேட்கட்டும். சிபாப்பில் இருக்கும்போதே செய்யலாம். மீண்டும் சிபாப் வந்தபின் மூக்கின் நடுத்தண்டு சிவந்திருக்கிறதா என்று பார்த்து, சிவந்தால் உடனே சொல்லட்டும்.

நீங்கள் மருத்துவரிடம் தினமும் கேட்க வேண்டியவை நான்கே: கொடுக்கும் ஆக்சிஜன் எத்தனை சதவீதம், நேற்றைவிடக் கூடியதா குறைந்ததா, கஃபீன் தொடங்கியாயிற்றா, ட்யூபை எடுக்க எது தடையாக இருக்கிறது. கூடவே செவிலியரிடம் டயப்பர் எடையைக் கேளுங்கள். அவர்கள் ஒவ்வொன்றையும் தராசில் வைத்துக் குறித்துக்கொள்வார்கள். இந்த நோயில் மூன்றாம் நாளை ஒட்டிச் சிறுநீர் திடீரென்று கூடும், நுரையீரலில் தேங்கிய நீரும் வடியத் தொடங்கும், மெஷினில் எண்கள் இறங்கும். பல குழந்தைகளில் திருப்பம் முதலில் தெரிவது அந்தத் தராசில்தான். நாளைக் காலை போனதும் அதையே முதலில் கேளுங்கள்.